டிகிரூட் மாதிரியில் எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்துவிடுகிறார்கள், ஏன்?

கேள்வி:
எம்.எஸ்சி. கணிதம், கடைசி செமஸ்டர். ஒரு குழுவில் கருத்து எப்படி மாறுகிறது என்பதுதான் ப்ராஜெக்ட். டிகிரூட் 1974-இல் தந்த மாதிரியைப் பைத்தானில் எழுதினேன். 30 பேர், ஆளுக்கு 0 முதல் 1 வரை ஒரு கருத்து. ஒவ்வொரு சுற்றிலும் தான் மதிக்கிறவர்களின் கருத்துகளுக்கு எடை போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். எந்த எண்களில் ஆரம்பித்தாலும் 30 பேரும் ஒரே எண்ணில் போய் நிற்கிறார்கள். எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு எத்தனை நாள் அசைவம் என்ற பேச்சில் அப்படி நடக்கவே இல்லை. எத்தனை கூட்டம் போட்டாலும் இரண்டு கட்சிதான். கோடில் தவறா?

பதில் 1:
கோடு சரிதான். எல்லோரும் நேராகவோ பிறர் வழியாகவோ ஒருவரையொருவர் எட்டுகிறார்கள், சொந்தக் கருத்துக்கும் கொஞ்சம் எடை உண்டு என்றால் ஒரே எண்ணில்தான் முடியும். அதை நிரூபிக்கவே முடியும். டெஃபுவான் குழுவின் மாதிரியை (2000) எழுதிப் பாருங்கள். இருவர் சந்திப்பார்கள், வித்தியாசம் ஒரு வரம்புக்குள் இருந்தால் மட்டும் நெருங்குவார்கள். 1000 பேர் வைத்து ஓட்டினால், வரம்பு 0.5-க்கு ஒரே கட்சி, 0.2-க்குப் பெரும்பாலும் இரண்டு.

பதில் 2:
வரம்பு மாதிரி அழகானது. ஆனால் மெஸ்ஸுக்கு அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் எதிர்த்தரப்பு பேசுவதைக் காதில் வாங்காமலா இருப்பார்கள்? வாங்குவார்கள், கொஞ்சம் இறங்கியும் வருவார்கள். வந்தபோது இருந்த நிலையை மட்டும் முழுசாக விடமாட்டார்கள். ஃப்ரீட்கினும் ஜான்சனும் 1990-இல் டிகிரூட் மாதிரியோடு சேர்த்தது இந்தப் பிடிவாதத்தைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் பாதி எடை குழுவின் சராசரிக்கு, பாதி தன் ஆரம்பக் கருத்துக்கு என்று வையுங்கள். மூன்று பேர் 0, 0.5, 1 என்று தொடங்கி, எல்லோரையும் சமமாக மதித்தால், 0.25, 0.5, 0.75-இல் நின்றுவிடும். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பேச்சு பலித்திருக்கிறது, ஒற்றுமை மட்டும் வரவில்லை. நான் பார்த்த கூட்டங்கள் எல்லாமே இப்படித்தான்.

கேட்டவர்:
நன்றி சார். இரண்டில் எங்கள் மெஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 2:
கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆளுக்கு ஒரு எண் எழுதி வாங்குங்கள், பெயர் வேண்டாம், ஒரு குறியீடு போதும். ஒவ்வொரு கட்சிக்குள்ளும் எண்கள் ஒன்றாகி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அப்படியே நின்றால் டெஃபுவான். எல்லோரும் நடுவை நோக்கி நகர்ந்து, ஆனால் பழைய வரிசையிலேயே சிதறி நின்றால் ஃப்ரீட்கின். ஒரு கூட்டத்தோடு நிறுத்தாதீர்கள், இரண்டு மாதிரியும் சொல்வது பல சுற்றுக்கு அப்புறம் வரும் நிலையைத்தான்.