என்ஜின்எக்ஸின் பின்னால் இரண்டு சேர்வர்கள்: மாணவர்கள் பரீட்சையின் நடுவே வெளியேற்றப்படுவது ஏன்?

கேள்வி – கல்லடி, மட்டக்களப்பு

வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு இணையவழி மாதிரிப் பரீட்சைகளை நடத்தும் தனியார் வகுப்பொன்றின் தளத்தை நான் பராமரித்து வருகின்றேன். இரவு ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் தளம் திணறியது. ஆகவே என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை, வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள சேர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் றிவர்ஸ் புரொக்சியாக முன்னால் நிறுத்தி, தளத்தை வழங்கும் அப்பாச்சி மென்பொருளும் தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியும் இயங்கும் இரண்டு சேர்வர்களை அதன் பின்னால் வைத்தேன்.

அதன் பிறகு, உள்நுழைந்த மாணவர்களிடம் பரீட்சையின் நடுவே மீண்டும் கடவுச்சொல் கேட்கப்பட்டது. அதைத் தீர்க்க, ஒருவரின் இணைய முகவரியை (ஐபி) வைத்து அவரை ஒரே சேர்வருக்கு அனுப்பும் ஐபி ஹாஷ் முறைக்கு மாற்றியபோது, ஏறத்தாழ முழுச் சுமையும் ஒரே சேர்வரின் மீது விழுந்தது. ஒரு நாள் "பல தடவை தவறாக முயன்றுள்ளீர்கள்" என்று கூறி எல்லோரையுமே தளம் பூட்டிவிட்டது. சிலருடைய விடைத்தாள்கள் இரண்டு தடவை பதிவாகியுள்ளன. பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் அமர்ந்து எழுதிய விடைகள் என்பதால் இதை இப்படியே விட என்னால் இயலவில்லை. எங்கே பிழைத்தேன் என்று கூற முடியுமா?

பதில் – சாய்ந்தமருது

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் சகோதரரே. முதல் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். நாம் வேறு விதமாகக் கூறாதவரை, பிஎச்பி தன் செஷன் தகவல்களை, அதாவது யார் உள்நுழைந்துள்ளார் என்பது போன்ற குறிப்புகளை, அந்தந்தச் சேர்வரிலேயே கோப்புகளாக எழுதி வைக்கின்றது. என்ஜின்எக்ஸோ இயல்பாகவே முறைவைத்து, ஒரு கோரிக்கையை முதலாம் சேர்வருக்கும் அடுத்ததை இரண்டாம் சேர்வருக்கும் அனுப்புகின்றது. முதலாவதில் உள்நுழைந்த மாணவரை இரண்டாவது அறியாது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் எந்த வைத்தியரிடம் அனுப்பினாலும் நாம் கவலைப்படாதிருப்பது, கிளினிக் கொப்பி நம் கையிலேயே இருப்பதனால்தான். ஒவ்வொரு வைத்தியரும் குறிப்பைத் தத்தமது மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினால் என்ன நேருமோ, அதுவே உங்கள் தளத்தில் நேருகின்றது.

ஐபி ஹாஷ் இதற்கு மருந்தன்று. அது ஐபிவி4 முகவரியின் நான்கு எண்களில் முதல் மூன்றை மட்டுமே கணக்கில் எடுக்கின்றது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் ஏராளமானோர் ஒரு சில பொது முகவரிகளின் வழியாகவே இணையத்துக்கு வருவதால், உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அதன் கண்ணுக்கு ஒரே ஆளாகவே தெரிவார்கள். வீட்டு வைஃபை அறுந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுகின்ற பிள்ளைக்கோ முகவரியே மாறிவிடும்.

செஷன்களை, தகவல்களை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் என்ற களஞ்சியத்தில் வைத்து, இரண்டு சேர்வர்களும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள். ரெடிஸின் 6379 ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) உள் வலையமைப்புக்கு வெளியே எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பின்னர் ஐபி ஹாஷை நீக்கி, குறைந்த இணைப்புகள் உள்ள சேர்வருக்கு அனுப்பும் லீஸ்ட் கொன் முறையை இடலாம்.

பதில் – அக்கரைப்பற்று

எல்லோரும் பூட்டப்பட்டதற்குக் காரணம், அப்பாச்சியின் பார்வையில் அனைவரும் என்ஜின்எக்ஸ் இயங்கும் கணினியின் முகவரியிலிருந்தே வருகின்றனர் என்பதாகும். நாலைந்து பேர் கடவுச்சொல்லைப் பிழையாக இட்டால் தண்டனை முழு வகுப்புக்கும் கிடைக்கும். கோரிக்கையோடு செல்லும் எக்ஸ்-ஃபோர்வேர்டட்-ஃபோர் என்ற தலைப்பு வரியில் உண்மை முகவரியை அனுப்பி, அதை உங்கள் புரொக்சியிடமிருந்து வந்தால் மட்டுமே நம்பும்படி அப்பாச்சியிடம் கூறுங்கள். இல்லையெனில் எவரும் பொய் முகவரியை எழுதி அனுப்பலாம். ஆனால் மேலே கூறப்பட்டதுபோல் பலர் ஒரே முகவரியைப் பகிர்வதால், பூட்டும் விதியை முகவரிக்கன்றிப் பயனர் பெயருக்கு வைப்பதே நீதியானது.

விடைத்தாள் இரட்டிப்பதைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் புரொக்சி நெக்ஸ்ட் அப்ஸ்ட்ரீம் என்ற வரியில் நொன் ஐடெம்பொட்டன்ட் என்ற சொல்லைச் சேர்த்திருக்கின்றீர்களா? 1.9.13 பதிப்பிலிருந்து, ஒரு சேர்வருக்கு அனுப்பிவிட்ட போஸ்ட் கோரிக்கையை (விடைத்தாள் போன்ற தகவலைச் சமர்ப்பிக்கும் கோரிக்கையை) என்ஜின்எக்ஸ் தானாக அடுத்த சேர்வருக்கு அனுப்புவதில்லை. அந்தச் சொல் இருந்தால் அனுப்பும். 60 செக்கன்கள் பதில் வராதபோது அது முதலாம் சேர்வரைக் கைவிட்டு இரண்டாவதிடம் அதே விடைத்தாளைக் கொடுக்கும். முதலாவதோ தன் வேலையை நிறுத்தாமல் முடித்துப் பதிந்துவிடும். அச்சொல்லை நீக்குவதோடு, ஒவ்வொரு விடைத்தாளுக்கும் தனி இலக்கம் இட்டு, அது தரவுத்தளத்தில் ஒரு தடவைக்கு மேல் பதியாதவாறு தடையும் வையுங்கள். மாணவர் பொத்தானை இரு முறை அழுத்தினாலும் அது காக்கும்.

பதில் – களுவாஞ்சிகுடி

ஒரு விடைத்தாள் பதிய 60 செக்கன்களுக்கு மேல் எடுப்பதுதான் என்னை உறுத்துகின்றது. இரண்டு சேர்வர்களும் ஒரே மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திடம்தான் போய் நிற்கின்றன என்றால், மூன்றாவது சேர்வரை வாங்கினாலும் வரிசை அங்கேயே தேங்கும். மெதுவான வினவல்களின் பதிவை ஒரு பரீட்சை இரவு முழுவதும் இயக்கிப் பாருங்கள். சேர்வரொன்று முற்றாக விழுந்தால் மாணவர் ஒரு நிமிடம் காத்திராதபடி, இணைப்புக்கான காலக்கெடுவை அதன் இயல்பான 60 செக்கன்களிலிருந்து இரண்டு மூன்றாகக் குறைப்பதும் நல்லது.

கேள்வி கேட்டவர்

அந்தச் சொல் இருக்கத்தான் செய்தது; ஏதோவொரு வழிகாட்டியிலிருந்து பொருள் அறியாமல் எடுத்து எழுதியிருந்தேன். அதை நீக்கி, செஷன்களை ரெடிஸுக்கு மாற்றி, நேற்றுப் பரீட்சை நடத்தினேன். எவரும் வெளியேற்றப்படவில்லை, எந்த விடைத்தாளும் இரட்டிக்கவில்லை. களுவாஞ்சிகுடி நண்பர் கூறியதும் சரியே. மாணவர் இலக்கத்தின் மீது, தேடலை விரைவாக்கும் சுட்டி (இன்டெக்ஸ்) இல்லாததால், ஒவ்வொரு பதிவுக்கும் விடை அட்டவணை முழுவதும் தேடப்பட்டிருக்கின்றது. சுட்டியை இன்று காலை சேர்த்துவிட்டேன். ஏற்கெனவே இரட்டித்த விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருக்கின்றேன்.