"சிட் டவுன்" என்றது அதட்டலா?

வார்டு_மல்லி:
பர்மிங்ஹாமில் நர்ஸாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு வயதான அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். "சிட் டவுன் ப்ளீஸ். கிவ் மீ யுவர் ஆர்ம்" என்றேன். ப்ளீஸ் போட்டேன், சிரித்த முகமாகத்தான் சொன்னேன். சாயங்காலம் அவருடைய மகள் வந்து, நான் அவரை அதட்டியதாகப் புகார் சொல்லிவிட்டார். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்கள் சிஸ்டர், அதாவது வார்டுப் பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸ், திட்டவில்லை. மறுநாள் என்னைக் கூடவே நிறுத்திக்கொண்டு அடுத்த படுக்கைக்காரரிடம், "குட் யூ ஜஸ்ட் பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?" என்றார். எனக்காகக் கையைக் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்பது. கடைசியில் குரல் லேசாக மேலே போனது. "பாப்" என்றால் சின்ன வேலை, நொடியில் முடிந்துவிடும் என்று அர்த்தம். "ஃபார் மீ" என்றதும் அது எனக்காகச் செய்கிற உதவியாகிவிடுகிறது. ஊரில் "கையைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் "கொஞ்ச"மும் "ங்க"வும் "அம்மா"வும் ஆங்கிலத்துக்கு வரும்போது உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது வெறும் கட்டளை. இங்கே வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தெற்குவாசல்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சகோதரி. உங்கள் மேல் தப்பே இல்லை. நான் வேலை செய்யும் கிடங்கில் கிளாஸ்கோக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவது புரியவே எனக்கு மூன்று மாதம் ஆனது. அவரை யாரும் பயிற்சிக்கு அனுப்பவில்லை, நான்தான் காதைத் தீட்டிக்கொண்டேன். உங்கள் வார்டில் பெரிய டாக்டர் வந்து "ரைட், ஆர்ம்" என்று சொன்னால் யாராவது புகார் கொடுப்பார்களா? அதையே நீங்கள் சொன்னால் அதட்டல். ஆளைப் பார்த்துத்தான் தொனியையே கேட்கிறார்கள். ராத்திரி பூராவும் கண் விழித்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் "பாப்" சொல்லவில்லை என்று குறை காண்பது எனக்கு வலிக்கிறது.

மாலை_வகுப்பு:
லண்டனில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்குப் பொருத்தமான ஒரு சம்பவத்தை ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982இல் வந்த தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலையத்தில், ஊழியர்களுக்கான உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மேற்பார்வையாளர்களும் சாப்பிட வந்தவர்களும் அவர்கள்மேல் குறை சொன்னார்கள். ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது விஷயம் ஒரே சொல்லில் இருந்தது. இறைச்சி வாங்குபவரிடம் ஆங்கிலேயப் பெண் "கிரேவி?" என்று குரலை ஏற்றிக் கேட்பார். இவர்கள் "கிரேவி." என்று இறக்கிச் சொன்னார்கள். ஏற்றினால் "வேண்டுமா?" என்று கேட்பது. இறக்கினால் "இது கிரேவி" என்று தகவல் சொல்வது. கண்ணெதிரே இருப்பதை எதற்குச் சொல்லவேண்டும்? அதனால்தான் அது முரட்டுத்தனமாகக் கேட்டது.

அந்தப் பெண்கள் தமிழர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பில் தமிழர்களிடமும் இதைக் கேட்கிறேன். "குழம்பு வேணுமா" என்றால் அந்த "ஆ"வே கேள்வியாகிவிடும், குரலை எங்கே இறக்கினாலும் பரவாயில்லை. "கிரேவி"யில் ஒட்டிக்கொள்ள "ஆ" கிடையாது. இன்னொன்று, "குட் யூ சிட் டவுன்" என்பதில் "குட்"டை அழுத்திக் குரலைச் சட்டென்று இறக்கினால், "எத்தனை தடவை சொல்வது" என்ற எரிச்சல் வந்துவிடும். வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது.

தெற்குவாசல்:
அந்தச் சம்பவத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த மேற்பார்வையாளர்களும் பாடம் கற்றார்கள். குரலை இறக்கிக் கேட்பது அந்தப் பெண்களின் இயல்பு, அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று அவர்களுக்கும் புரிந்தது. அந்தப் பாதிக்கு இன்று எந்த வார்டில் வகுப்பு நடக்கிறது?

மாலை_வகுப்பு:
சரி, அதைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். ஆனால் அதுவரை மற்றவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்றே அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் தெளிந்தது. அந்தத் தெளிவை நம்மவர்களுக்குக் கொடுக்காமல் "அவர்கள் மாறட்டும்" என்று காத்திருக்க என்னால் முடியாது. நாளைக் காலை டியூட்டிக்குப் போகவேண்டியது மல்லிதான்.

யாழ்_கடை:
லண்டனில் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வந்த புதிதில் யாராவது "டூ யூ ஹேவ் மில்க்?" என்று கேட்டால் "ஆஃப் கோர்ஸ்!" என்பேன். தாராளமாக இருக்கிறது, எடுங்கோ என்ற நினைப்பில்தான். அவர்களுக்கு அது "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறது. ஒரு கிழவர்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்போது யாராவது அலுமாரிக்கு முன் தடுமாறினால் "யூ ஆல்ரைட் தேர்?" என்று கதைப்பேன். ஊரிலிருந்து வந்த என் மருமகன், "அவருக்கு என்ன வருத்தம் மாமா?" என்று கேட்டான். உதவி வேணுமோ என்று கேட்பதுதான் அது. கற்றது எனக்கு இழப்பில்லை, தங்கச்சி. ஆனால் அந்தக் கிழவர் போல ஒருவர் சொல்லித்தந்தால்தானே தெரியும்?

தெற்குவாசல்:
அண்ணா, அந்தக் கிழவர் உங்களிடம் பேசினார். மல்லியிடம் யாரும் பேசவில்லை, நேரே புகாருக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

வார்டு_மல்லி:
எல்லாருக்கும் நன்றி. இன்று அதே அம்மாவிடம் போய், "ஷால் வீ டூ யுவர் ப்ளட் பிரஷர்?" என்று குரலை ஏற்றிக் கேட்டேன். பேசாமல் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி நீட்டினார். முடிந்ததும் "தேங்க் யூ, லவ்" என்று செல்லமாகச் சொன்னார். அப்புறம் தெற்குவாசல் அண்ணன் சொன்னதையும் சிஸ்டரிடம் கேட்டேன். புதிதாக வரும் நர்ஸ் "கிவ் மீ" என்றால் அது அதட்டல் இல்லை என்று மற்ற ஊழியர்களுக்கும் சொல்லமுடியுமா என்று. திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் பேசலாம், நீயே சொல் என்றிருக்கிறார்.

தெற்குவாசல்:
என்ன நடந்தது என்று திங்கட்கிழமை ராத்திரி மறக்காமல் எழுதுங்கள்.