எம்எக்ஸ்-5 ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் இருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல மாஸ்டா எம்எக்ஸ்-5 (ரெண்டு சீட், கூரையைத் திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன், 2016 மாடல், 1.5 லிட்டர், 131 ஹெச்பிதான், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எட்டு செகண்டுக்கு மேல ஆகும். இந்தக் காசுக்கு 300 ஹெச்பி ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் காரே கிடைக்குமேன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க. அதையும் ஓட்டிப் பாத்துட்டேன், பிச்சிக்கிட்டு போகுது, ஆனா முழுசா மிதிக்க இங்க ரோடு எங்க இருக்கு? மாஸ்டா ஆயிரம் கிலோ சொச்சம், ரியர் வீல் டிரைவ், மேனுவல் கியர், லிவரை மணிக்கட்டாலயே டக்குனு தட்டிரலாம், நாப்பது மைல் வேகத்துல ஒரு வளைவு திரும்பினாலே வண்டி நம்மகூட சேர்ந்து திரும்புற மாதிரி இருக்கு. இறங்கின பிறகும் கை துறுதுறுன்னே இருந்துச்சு, எனக்கு அதுதாங்க வேணும்.

இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுறாங்கல்ல, அதனால துரு பயம் இருக்கு, அடியில எங்கெங்க பாக்கணும்? துணி கூரை மழைக்கு ஒழுகுமா? தினமும் மோட்டார்வேல வேலைக்குப் போக 1.5 போதுமா, இல்ல 2 லிட்டர்தான் சரியா? சனிக்கிழமை வண்டி பாக்கப் போறேன், அதுக்குள்ள சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.