"தேடிப் பார்த்தேன், வரவில்லை": பெங்களூர் நூலகங்களில் நாம் பார்த்த மாற்றங்கள்

பெங்களூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கார்டுகள் அடுக்கிய மர இழுப்பறைகள் இருந்த காலத்தில் சேர்ந்தவன். கடந்த சில வருஷங்களில் எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள், வாசகராக இருந்தாலும் சரி, நூலகராக இருந்தாலும் சரி.

முன்பு பையன்கள் "சார், அந்த புக் ரிட்டர்ன் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். இப்போது முதல் கேள்வி "சாஃப்ட் காப்பி இருக்கா சார்?" இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி "வீட்டிலிருந்து ஓபன் ஆகுமா?" அங்கேதான் சிக்கல். கல்லூரி சந்தா கட்டுகிற பல மின்னிதழ்கள் கல்லூரியின் ஐபி முகவரியிலிருந்து வந்தால்தான் திறக்கும், வெளியிலிருந்து படிக்கத் தனி லாகின் வேண்டும், அந்த லாகினை முதல் வருஷமே எல்லோருக்கும் கொடுத்தும் பாதிப் பேருக்கு நினைவிருக்காது, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "சார் பணம் கேட்குது" என்று ஸ்க்ரீன்ஷாட் வரும். இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிக்கிற நேரம் ராத்திரிதான் என்றால் நூலகமும் ராத்திரி திறந்திருக்கத்தான் வேண்டும். சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தில் இதே பெங்களூரில் வாழ்ந்து 1972-இல் மறைந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இலேயே நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் நான்காவதாக எழுதிவைத்தது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதுதானே. கம்ப்யூட்டர் வராத காலத்தில் சொன்னது, இன்றைக்குத்தான் முழு வேகத்தில் கேட்கப்படுகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. எங்கள் பையனுக்கு அரசுக் கல்லூரியில் படிக்கிற நண்பன் இருப்பான், "அவனுக்கு வருது சார், எனக்கு ஏன் வரலை?" என்பான். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை என்று நான் விளக்கினாலும், அந்த முகம் வாடுவதைப் பார்க்க நன்றாக இருக்காது.

அப்புறம் ஒரு புது வகை. இறுதியாண்டு மாணவி ஒருத்தி புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மேற்கோள் பட்டியலோடு வந்தாள், எல்லாக் கட்டுரைகளும் வேண்டும் என்றாள். மூன்று கிடைத்தன. மற்றவை எங்கே தேடினாலும் இல்லை. ஆசிரியர் பெயர் நிஜம், அந்தத் துறையில் எழுதுகிறவர்தான். இதழும் நிஜம். அந்த வால்யூமைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனால் அங்கே வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. "டிஓஐ நம்பர்கூட இருக்கே சார்" என்றாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் கொடுக்கிற நிரந்தர அடையாள எண் அது. போட்டுப் பார்த்தோம். ஒன்று திறக்கவே இல்லை, இன்னொன்று ஏதோ மருத்துவக் கட்டுரைக்குப் போனது. சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய பட்டியல் அது. அவளை உட்காரவைத்து, கிடைத்த மூன்று கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களிலிருந்து பின்னோக்கித் தேடுவது எப்படி, அந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எப்படி என்று காட்டினேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், மாலைக்குள் தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டது. இனிமேல் எங்கள் வேலையில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது: இருப்பதை எடுத்துக் கொடுப்பதைவிட, இல்லாததை இல்லை என்று உறுதியாகச் சொல்வது.

இதற்கு நேர் எதிரான கஷ்டமும் இருக்கிறது, இருப்பதை இல்லை என்று சொல்லிவிடுவது. நம் தமிழ்ப் புத்தகங்களுக்கு இந்த ஊரில் அதிகம் நடப்பது அதுதான். அதைப் பற்றி யாராவது எழுதினால் சேர்ந்துகொள்கிறேன்.

ஜாலஹள்ளியிலிருந்து ஒருவர்:

நான் எழுதுகிறேன் சார், நீங்கள் கடைசியில் சொன்னது எனக்கே நடந்தது. 70 தாண்டியவன், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கப்பன் பூங்காவில் இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டட நூலகத்துக்கு இளம் வயதிலிருந்தே போகிறவன். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், 1915-இல் திறந்தது, உள்ளே நுழைந்தாலே மனசு அடங்கும்.

நடந்தது அங்கே இல்லை, வேறொரு நூலகத்தில். தமிழ்ப் பிரிவு மாடியில், கவுன்டர் கீழே. பழைய பயண நூல் ஒன்றின் பெயரைச் சொன்னேன். கன்னடப் பெண், ரொம்பப் பொறுமையானவள், ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. எழுத்தை மாற்றி மறுபடி தட்டினாள். "இல்ல சார்." ஆனால் எனக்குத் தெரியும், அதே நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். மேலே போகட்டுமா என்று கேட்டேன், சரி என்றாள். நேராக ஜன்னல் பக்க அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு, அங்கேயே இருந்தது. கீழே கொண்டுவந்து அதன் பதிவு எண்ணைத் தட்டச் சொன்னேன். திரையில் வந்துவிட்டது! தலைப்பில் ஒரு 'ழ'கரம், அதற்குக் கணினியில் ஏற்றியவர் ஒரு எழுத்துப் போட்டிருக்கிறார், இவள் வேறு எழுத்துப் போட்டுத் தேடியிருக்கிறாள். அவ்வளவுதான். அவள் உடனே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள், அது எனக்குப் பிடித்திருந்தது.

முன்பு அங்கே ஒரு அட்டெண்டர் இருந்தார், அட்டை நிறத்தைச் சொன்னாலே எடுத்து வருவார். ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் தலையில் இருந்ததுதான் அந்தத் தமிழ்ப் பிரிவின் கேட்லாக். இப்போது வருகிற இளைஞர்கள் யாரும் அலமாரிக்குப் போவதில்லை, போனிலேயே பார்த்துவிட்டு வரவில்லை என்றால் வீட்டிலிருந்தே கிளம்புவதில்லை. பிறகு "தமிழ்ப் புத்தகத்தை யாரும் எடுக்கிறதில்லை" என்று கணக்கு எழுதி, புதிதாக வாங்குவதைக் குறைத்துவிடுவார்கள். இது அநியாயம்.

டிஜிட்டலை நான் எதிர்க்கவில்லை. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எவ்வளவோ படித்திருக்கிறேன், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இன்னும் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்கிற ஒன்று போதும் என் கண்ணுக்கு.

விஜயநகரிலிருந்து ஒரு தேர்வு மாணவர்:

நான் கிருஷ்ணகிரிப் பக்கம், இங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் தெருவில் 'லைப்ரரி' என்று போர்டு போட்ட இடங்கள் இருக்கின்றன, உள்ளே ஒரு புத்தகம்கூடக் கிடையாது. மாதக் கட்டணம், தடுப்பு வைத்த மேஜை, வைஃபை, ஏசி, பிளக் பாயின்ட். பாடம் எல்லாம் டெலிகிராமில் வருகிற பிடிஎஃப்தான். அதில் பாதி திருட்டுக் காப்பி என்பது தெரியும், அது சரி என்று சொல்ல வரவில்லை, புத்தகங்களை மொத்தமாக வாங்குகிற சக்தி இல்லை. அரசு நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, ஆனால் பிளக் பாயின்ட் பக்கத்தில் உள்ள நாற்காலிக்குக் காலையில் கதவு திறக்கும்போதே கூட்டம் நிற்கும், சாயங்காலம் மூடிவிடுவார்கள். எங்களுக்கு வேண்டியது ரொம்பச் சின்னது: நாற்காலி, வெளிச்சம், சார்ஜ் போட ஒரு இடம், ராத்திரி பத்து வரை. இது கிடைத்தால் பணம் கட்டி ஏன் வெளியில் உட்காரப் போகிறோம்?

இந்திரா நகரிலிருந்து ஒரு வாசகர்:

எனக்குப் பார்வை இல்லை. வங்கியில் வேலை. திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டுகிற ஸ்க்ரீன் ரீடர் வைத்துப் படிக்கிறேன். டிஜிட்டல் என்றால் மற்றவர்களுக்கு வசதி, எனக்குப் படிப்பதே அதனால்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் யாராவது வாசித்துக் காட்டினால்தான் புத்தகம். வாசிக்கிறவர் எதை விரும்புகிறாரோ அதுதான் எனக்கும் கிடைக்கும். ஆங்கிலத்தில் அந்த நிலை மாறிவிட்டது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், எங்களைப் போன்றவர்களுக்காகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பார்வையற்றவர்கள் படிக்கிற வடிவில் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் சர்வதேச மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாதான். 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகம் வந்தது. ஆங்கில நாவல் ஒன்றை இறக்கி, உங்களில் பலருக்குப் புரியாத வேகத்தில் காதில் ஓடவிட்டு இரண்டு மெட்ரோ பயணத்தில் பாதி முடித்துவிடுவேன்.

தமிழுக்கு வந்தால் நிலைமை வேறு. தமிழ்ப் புத்தகம் பிடிஎஃப்பாக இருக்கிறது என்று சந்தோஷமாக அனுப்புவார்கள். திறந்தால் என் கணினி ஒரே வார்த்தை சொல்லும்: "காலி". ஏனென்றால் அது எழுத்து இல்லை, பக்கத்தின் போட்டோ. சரி, ஓசிஆர் போட்டு எழுத்தாக மாற்றலாம் என்றால், இப்போது வருகிற புத்தகங்களுக்கு நன்றாகவே வருகிறது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகங்களில்தான் திணறும். பழைய லை, ணை, னை, றா, ணா, னா எல்லாம் வேறு உருவம் அல்லவா, மென்பொருள் அதை ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்ளும், 'மலை' வருகிற இடத்தில் எல்லாம் வாக்கியம் இடறி விழும். இன்னொரு வகை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. உங்கள் கண்ணுக்கு அழகான தமிழ். எனக்கு அது ஆங்கில எழுத்துகளையும் கமா, செமிகோலனையும் வரிசையாக ஒப்பிக்கும்.

போன வருஷம் நகரத்தில் ஒரு நூலகத்தில் ஒரு தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு கேட்டேன். அங்கிருந்த நூலகர் அம்மா ஒரு கட்டுரையை ஸ்கேன் செய்து அனுப்பினார், நான் "இது படம், படிக்க முடியவில்லை மேடம்" என்றேன். மறுநாள் ஓசிஆர் போட்டு அனுப்பினார். அதிலும் பிழை. மூன்றாவது தடவை அவரே உட்கார்ந்து பிழை திருத்தி வேர்ட் கோப்பாக அனுப்பினார். அந்தக் கட்டுரையை வரி விடாமல் கேட்டேன். அவர் திருத்திய அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது? என் கணினியில். அடுத்து யாராவது கேட்டால் இன்னொருவர் முதலிலிருந்து திருத்த வேண்டும். என் எதிர்பார்ப்பு இது ஒன்றுதான், ஒருவர் உழைத்துச் சரிசெய்த கோப்பு நூலகத்தில் தங்க வேண்டும், புத்தகத்தின் பதிவோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

சர்ஜாபூர் சாலையிலிருந்து ஒரு அம்மா:

எங்கள் வீட்டில் குழந்தைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. இங்கேயே பெங்களூரில் இருக்கிற பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம், பெரியவள் கன்னட எழுத்தை வைத்தே தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பிடித்துப்போன கதையைக் கையில் வேண்டும் என்பாள், பிரிண்ட் எடுத்துத் தைத்துக் கொடுப்பேன். பக்கத்து நூலகத்தில் தமிழ்க் குழந்தைப் புத்தகம் வந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டால் போதும், அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவோம்.

மறுபடியும் நான், கல்லூரி நூலகர்:

ஜாலஹள்ளி ஐயா சொன்னதற்குக் காரணம் மென்பொருள் இல்லை. பல நூலகங்களில் ஓடுகிற கோஹா தமிழ் எழுத்தை நன்றாகவே ஏற்கும், ஆங்கில எழுத்துத் தலைப்பு ஒரு இடத்தில், அதே தலைப்பு தமிழ் எழுத்தில் இன்னொரு இடத்தில் என்று இரண்டையும் ஒரே பதிவில் வைக்கலாம், நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதுகிற மார்க் (MARC) முறையில் 880 என்கிற புலம் இதற்காகவே இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணைத் தட்டினால் வேறு நூலகத்தின் பதிவு வந்து விழும், இரண்டு நிமிஷ வேலை. பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது, ஒவ்வொன்றையும் கையால் ஏற்ற வேண்டும், தமிழ் தெரிந்த ஆள் அந்தப் பணியிடத்தில் இருக்க மாட்டார். அதுதான் தடை.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் புத்தக அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவுகிறேன். அங்கே தலைப்புப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறோம், வீட்டிலிருந்தே யாரும் தமிழில் தட்டித் தரலாம். இந்திரா நகர் நண்பரே, நீங்கள் சொன்னபடி திருத்திய கோப்பையும் பதிவோடு சேர்த்து வைக்கிறேன், உங்களிடம் இருக்கும் அந்தக் கட்டுரையை அனுப்புங்கள், அந்த மேடத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

இப்போது முட்டிக்கொண்டு நிற்பது வருஷத்தில். பல புத்தகங்களில் 'துன்முகி வருஷம்' என்று மட்டும்தான் இருக்கிறது. அறுபது வருஷச் சுற்று என்பதால் அது 1896-ஆகவும் இருக்கலாம், 1956-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், தாள், எழுத்து வார்ப்பு எல்லாம் பார்த்து முடிவு செய்யத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஐயா, உங்களால் முடியுமா?

ஜாலஹள்ளியிலிருந்து:

வருகிறேன் சார். மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால் அல்சூர் ஸ்டேஷன் வந்துவிடும், ஞாயிறு பத்து மணிக்கு அங்கே இருப்பேன். பூதக்கண்ணாடி என்னிடமே இருக்கிறது. தட்டச்சு மட்டும் யாராவது செய்துகொடுக்க வேண்டும்.

விஜயநகரிலிருந்து:

தமிழ் டைப்பிங் நான் செய்கிறேன் ஐயா. அங்கே பிளக் பாயின்ட் இருக்கும்தானே?