வறண்ட காற்றா, பாறையா? டெக்சஸ் சுண்ணாம்பு மேட்டு மரங்கள் பற்றி ஒரு விவாதம்

காற்றுமானி:
டெக்சஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் மரங்கள் எவ்வளவு நீரை இழக்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது என்பது என் கட்சி. ஈரப்பதம் 50 விழுக்காட்டிலேயே இருக்கட்டும். காற்று இன்னும் எவ்வளவு நீராவி ஏற்கும் என்று காட்டும் ஆவியழுத்தப் பற்றாக்குறை 25 டிகிரியில் சுமார் 1.6 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் 2.8 ஆகிவிடும். இலைக்குள் ஈரம், வெளியே வறட்சி. காற்று கேட்டதை மரம் கொடுத்தே ஆக வேண்டும்.

வேர்த்தேடி:
கொடுத்தே ஆக வேண்டுமா? நீராவி வெளியேறும் இலைத்துளைகளை மறந்துவிட்டீர்களே நண்பரே. காற்று வறள வறள அவை சுருங்கும். அதனால் நீரிழப்பு முதலில் ஏறும், அப்புறம் ஏறாமல் நின்றுவிடும், சில மரங்களில் இறங்கவும் செய்யும். அதோடு அது சுண்ணாம்புப் பாறை நிலம், மேலே மண் மெல்லிசு. 20 செ.மீ. மண்ணில் மரத்துக்குக் கிடைக்கும் நீர் 15 விழுக்காடு என்று வைத்தாலும் மொத்தம் 30 மி.மீ.தான். நாளுக்கு 4 மி.மீ. செலவானால் எட்டு நாள்கூடத் தாங்காது. பிறகு காற்று கேட்டாலும் கொடுக்க எதுவும் இருக்காது.

காற்றுமானி:
இலைத்துளை காக்கும் என்றால் 2011 வறட்சியில் அத்தனை ஜூனிபர் மரங்கள் ஏன் காய்ந்தன?

வேர்த்தேடி:
நல்ல கேள்வி. ஊர்க்காரர்கள் 'சீடர்' என்று சொல்லும் அந்த ஜூனிபர், மண் நன்றாகக் காய்ந்த பிறகும் துளைகளை முழுதாக மூடாமல் நீர் இழுக்கும் மரம். வேரோ பெரும்பாலும் மேலாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் லைவ் ஓக் என்ற பசுமை மாறா ஓக் மரம் அப்படியில்லை. அதன் வேர்கள் பாறை வெடிப்பு வழியாக 20 மீட்டருக்கும் கீழே இறங்கியிருப்பதைக் குகைகளுக்குள் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே காற்று, ஆனால் கதி வேறு. அதனால்தான் பாறையைப் பாருங்கள் என்கிறேன்.

மழைக்கணக்கு:
இருவருக்கும் ஒன்று. காற்று வறளும் நாட்களில் பெரும்பாலும் மண்ணும் வறண்டுதான் இருக்கும், எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? மழை பெய்த மறுவாரம், மண்ணில் ஈரம் இருக்கும்போதே காற்று வறளும் நாட்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அன்றன்றைய சாறோட்டத்தையும், அதாவது தண்டு வழியாக மேலேறும் நீரையும், மணிவாரியாகப் பாருங்கள். காற்றின் வறட்சி பிற்பகலில் உச்சம் தொடுமுன்பே ஓட்டம் குறையத் தொடங்கிவிடுகிறது. மாதச் சராசரியில் இது தெரியாது.

காற்றுமானி:
சரி, மேல்மண் காய்ந்த ஜூனிபர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஓக் என் பக்கம்தான் நிற்கிறது. கீழே நீர் இருக்கும் மரத்துக்குத்தானே காற்று சொல்வது கேட்கும்? சான் அன்டோனியோ நகரம் குடிக்கும் நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்பதுதான் என் கவலை.

வேர்த்தேடி:
அங்கே ஒரு தாவல் தாவுகிறீர்கள். அந்த நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறைக்கு ஊறும் நீரில் பெரும்பகுதி ஓடைப் படுகைகள் வழியாக இறங்குகிறது. ஓக் தேடிப் போவதோ வெடிப்பிலும் குழியிலும் தங்கிய நீரை. இரண்டும் ஒரே நீர் என்று காட்டிவிட்டு மரத்தின் மேல் பழி போடுங்கள்.