ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் மோட்களைப் பாதுகாப்பாக நிறுவுவது எப்படி?

கேள்வி: இரவுவானம்

வணக்கம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் விளையாட்டை இதுவரை எந்த மோடும் (விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் உருவாக்கும் கோப்புத் தொகுப்பு) இல்லாமல் விளையாடி வருகிறேன். கதையில் பாதிக்கு மேல் கடந்துவிட்ட பாத்திரம் ஒன்று இருக்கிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை. இப்போது மெனுக்களை மேம்படுத்தும் ஸ்கையுஐ, பிழைகளைத் திருத்தும் அன்அஃபிஷியல் பேட்ச், மலை, மரம், வீடுகளின் தோற்றத்தை மேம்படுத்தும் சில டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) மோட்கள், நகரங்களில் புதிய மனிதர்களையும் குவெஸ்ட்களையும் (கதைப் பணிகள்) சேர்க்கும் பெரிய மோட் ஒன்று ஆகியவற்றை நிறுவ விரும்புகிறேன்.

நான் பார்த்த ஒரு காணொளியில், எல்லா மோட்களும் அடங்கிய ஒரே ஜிப் கோப்பை ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்திலிருந்து பதிவிறக்கி, ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு, விளையாட்டின் டேட்டா கோப்புறைக்குள் அப்படியே நகலெடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கணினி. அம்மாவின் வங்கிப் பரிமாற்றங்களும் இதில்தான் நடக்கின்றன. விளையாட்டு இப்போது சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறது, டி டிரைவில் போதிய இடம் உண்டு. கணினிக்கும், ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்திருக்கும் என் சேவ் கோப்புகளுக்கும் தீங்கு வராமல் இதைச் செய்யும் முறையை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கல்தூண்

வணக்கம். முதலில், அந்த ஜிப் கோப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் வைரஸ் இருக்கிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இல்லாவிட்டாலும் அது நிறுவத் தகுந்ததன்று. பலருடைய மோட்களை யாரோ ஒருவர் ஒன்றாகக் கட்டியிருக்கிறார், எந்த மோட் எந்தப் பதிப்பு என்று தெரியாது, உங்கள் விளையாட்டின் பதிப்போடு அவை பொருந்துமா என்பதும் தெரியாது. டேட்டா கோப்புறைக்குள் நேரடியாகக் கொட்டிவிட்டால், நாளை ஒரு மோடை மட்டும் நீக்க நினைக்கும்போது எந்தக் கோப்பு எதனுடையது என்று பிரித்தறிய வழியே இராது. ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறதே என்று நினைக்கலாம். அது மாறிப்போன மூலக் கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரும். நாம் புதிதாகச் சேர்த்த கோப்புகளை நீக்காது.

விளையாட்டை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு விண்டோஸ் தனிக் காவல் வைத்திருப்பதால், அங்கே மோட் கருவிகள் எழுத முயலும்போது அனுமதிச் சிக்கல் வரும். பலர் அதற்குத் தீர்வாக எல்லாவற்றையும் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கத் தொடங்குவார்கள். அது பாதுகாப்புக்கு நேர் எதிரான பழக்கம். ஸ்டீம் அமைப்புகளில் சேமிப்பகப் பகுதிக்குச் சென்று டி டிரைவைச் சேர்த்தபின், விளையாட்டின் பண்புகளில் நிறுவிய கோப்புகள் என்ற பக்கத்திலிருந்தே இடம் மாற்றலாம். மாற்றி முடித்ததும் விளையாட்டை ஒருமுறை அதன் சொந்த லாஞ்சர் வழியாகத் திறந்து மூடுங்கள். அப்போதுதான் புதிய இடம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும். மோட் கருவிகள் விளையாட்டைத் தேடுவது அந்தப் பதிவை வைத்துத்தான்.

அடுத்து, மோட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் மோட் மேலாளர் நிரல். மோட் ஆர்கனைசர் 2, வார்டெக்ஸ் ஆகிய இரண்டுமே நல்லவை. வார்டெக்ஸ் மோட்களைத் தன் கோப்புறையில் வைத்துக்கொண்டு, டேட்டா கோப்புறையில் அவற்றுக்கு ஹார்டுலிங்க் எனப்படும் இணைப்புகளை உருவாக்கும். அதனால் அந்தக் கோப்புறை விளையாட்டு இருக்கும் அதே டிரைவில் இருக்க வேண்டும். மோட் ஆர்கனைசர் ஒரு படி மேலே போய், டேட்டா கோப்புறையைத் தொடுவதே இல்லை: ஒவ்வொரு மோடும் தனித்தனிக் கோப்புறையில் இருக்கும், விளையாட்டு இயங்கும் நேரத்தில் மட்டும் அவையெல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதுபோல அதற்குக் காட்டப்படும். ஒரு மோடுக்கு எதிரே உள்ள டிக் குறியை எடுத்துவிட்டால் அது விளையாட்டுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். டி டிரைவில் தனிக் கோப்புறையில் நிறுவுங்கள்; விளையாட்டின் கோப்புறைக்குள் வேண்டாம்.

ஸ்கையுஐ இயங்க எஸ்கேஎஸ்இ (மோட்களுக்குக் கூடுதல் திறன் தரும் ஸ்கிரிப்ட் நீட்டிப்பு நிரல்) தேவை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் விளையாட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கென்றே தொகுக்கப்பட்ட எஸ்கேஎஸ்இ வேண்டும். விளையாட்டின் இஎக்ஸ்இ கோப்பில் வலது சொடுக்கிப் பண்புகளில் விவரங்கள் பகுதியைப் பார்த்தால் பதிப்பு எண் தெரியும். அது 1.6.1170 என்றால் எஸ்கேஎஸ்இ 2.2.6 வேண்டும், பழைய 1.5.97 என்றால் 2.0.20. ஜிஓஜி தளத்தில் வாங்கியவர்களுக்குத் தனித் தொகுப்பு உண்டு, மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் பதிப்பில் எஸ்கேஎஸ்இ இயங்கவே இயங்காது. அதன் ஆசிரியர்களின் தளத்திலிருந்தோ, மோட்கள் பகிரப்படும் நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் அவர்களே நடத்தும் பக்கத்திலிருந்தோ மட்டும் பதிவிறக்குங்கள். எஸ்கேஎஸ்இயின் லோடரும் (விளையாட்டைத் திறக்கும் நிரல்) டிஎல்எல் (நிரல் நூலகக்) கோப்பும் விளையாட்டின் முதன்மைக் கோப்புறையில் இருக்க வேண்டும். அவற்றோடு வரும் ஸ்கிரிப்டுகளை ஒரு மோடாக மேலாளரில் சேர்க்கலாம். இனி விளையாட்டை மோட் ஆர்கனைசருக்குள்ளிருந்து எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறக்க வேண்டும்.

2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனுக்கான மேம்படுத்தல் வந்தபோதும், 2023 டிசம்பரில் விளையாட்டுக்குள்ளேயே மோட்களைப் பெறும் கிரியேஷன்ஸ் வசதி வந்தபோதும் எஸ்கேஎஸ்இ சார்ந்த மோட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. எனவே ஸ்டீமில் இந்த விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் மேம்படுத்து என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். லோடர் வழியாகத் திறக்கும்போது அந்த மேம்படுத்தல் தூண்டப்படுவதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே மாலையில் நிறுவாதீர்கள். ஒன்றை நிறுவி, விளையாட்டைத் திறந்து, சில நிமிடம் நடந்து பார்த்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். பெரிய மோட்களைச் சேர்த்தபின் புதிய பாத்திரத்தோடு தொடங்குவதே நலம் என்பது என் கருத்து.

பதில்: நீலமணி

கணினியின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், அம்மாவின் வங்கிக் கணக்கும் இதில் அடங்கியிருப்பதால்.

எல்லா மோட்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. டெக்ஸ்சர் மோடில் டிடிஎஸ் கோப்புகள் இருக்கும், உருவ மாதிரிகள் என்ஐஎஃப் கோப்புகளாக வரும். இவை வெறும் படமும் வடிவமும்தான். பிஇஎக்ஸ் என்று முடியும் ஸ்கிரிப்டுகள் விளையாட்டின் உள்ளேயே இயங்குபவை. உங்கள் சேவ் கோப்பைக் குழப்பலாமே தவிர, உலாவியில் சேமித்த கடவுச்சொல்லைப் படிக்க அவற்றுக்கு வழி இல்லை. ஆனால் எஸ்கேஎஸ்இ பிளக்இன்களாக வரும் டிஎல்எல் கோப்புகள் முழுமையான நிரல்கள். உங்கள் பயனர் கணக்கால் செய்ய முடிந்த எதையும் அவற்றாலும் செய்ய முடியும். ஆகவே டிஎல்எல் உள்ள மோட் என்றால், யார் எழுதியது, எவ்வளவு காலமாக இருக்கிறது, மூல நிரல் வெளிப்படையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். மரங்களின் தோற்றத்தை மாற்றுவதாகச் சொல்லும் மோடுக்குள் தானே இயங்கக்கூடிய ஒரு இஎக்ஸ்இ அல்லது பேட் கோப்பு இருந்தால் அதை அப்போதே அழித்துவிடுங்கள். நெக்சஸில் ஒவ்வொரு கோப்பின் கீழும் உள்ளடக்கத்தை முன்னோட்டமாகக் காட்டும் இணைப்பு உண்டு. பதிவிறக்கும் முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

நல்ல தளத்திலிருந்து எடுத்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்களில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் பரவியது. கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளத்தில், சில மோட் ஆசிரியர்களின் கணக்குகள் கைப்பற்றப்பட்டு அவர்கள் பெயரிலேயே அது ஏற்றப்பட்டது. கணினியில் இருந்த மற்ற ஜார் (ஜாவா நிரல்) கோப்புகளிலும் அது தன்னைப் புகுத்திக்கொண்டு, உலாவியின் குக்கிகளையும் கடவுச்சொற்களையும் திருடியது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஸ்லே தி ஸ்பையர் விளையாட்டுக்கான டவுன்ஃபால் என்ற ரசிகர் படைப்பு, ஸ்டீமிலேயே சிறிது நேரம் தீநிரலோடு விநியோகிக்கப்பட்டது. இரண்டு நிகழ்விலும் ஆசிரியர்கள் குற்றமற்றவர்கள். எனவே ஒரு மோடின் புதிய பதிப்பு வந்த உடனேயே பாயாமல் சில நாள் பொறுத்து, பிழை அறிக்கைகளையும் கருத்துகளையும் படித்துவிட்டு நிறுவுவது நல்லது.

ஆண்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் அங்கேயே மூடிவிடுங்கள். நல்ல மோட் கருவிகளையும் ஆண்டிவைரஸ் சில நேரம் தவறாகச் சந்தேகிப்பது உண்மைதான். அப்போது அந்த ஒரு கோப்பை, பல ஆண்டிவைரஸ்களைக் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சோதித்து, ஆசிரியரின் பக்கத்தில் மற்றவர்களும் அதையே கண்டிருக்கிறார்களா என்று பார்த்து, அதற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு என்றால், ஆண்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே பூட்டியிருக்கிறார்கள் என்று கொள்வதே பாதுகாப்பு.

இன்னொன்று, பலரும் செய்யாதது: விண்டோஸில் உங்களுக்கென நிர்வாக உரிமை இல்லாத ஒரு சாதாரணப் பயனர் கணக்கை உருவாக்கி, ஸ்டீமையும் மோட்களையும் அதில் மட்டும் பயன்படுத்துங்கள். அம்மா தம் கணக்கில் கடவுச்சொல்லோடு நுழையட்டும். உங்கள் கணக்கில் ஏதேனும் புகுந்தாலும், அவருடைய உலாவித் தரவு இருக்கும் கோப்புறையை எளிதில் எட்ட முடியாது.

பதில்: மலைப்பாதை

கல்தூண் அவர்கள் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரவுவானம் தம் பாத்திரத்தைக் கைவிட வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன்.

டெக்ஸ்சர்களையும் உருவ மாதிரிகளையும் மட்டும் மாற்றும் மோட்கள் சேவ் கோப்பில் எதையும் எழுதுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்கையுஐயையும் நடுவில் சேர்க்கலாம். அன்அஃபிஷியல் பேட்சை நடுவில் சேர்த்தால், முன்பே நடந்து முடிந்த குவெஸ்ட்களில் சில திருத்தங்கள் பலிக்காமல் போகலாம், அவ்வளவுதான். ஆனால் சேர்த்தபின் எடுக்கக் கூடாது. சிக்கல் முழுவதும் இந்த எடுப்பதில்தான் இருக்கிறது. புதிய மனிதர்களையும் குவெஸ்ட்களையும் சேர்க்கும் மோட், தன் ஸ்கிரிப்டுகளின் நிலையைச் சேவுக்குள் எழுதிவிடுகிறது. மேலாளரில் டிக்கை எடுத்தால் மோட் போய்விடும், சேவுக்குள் அது விட்டுச்சென்றவை போகா. உரிமையாளர் இல்லாத அந்த ஸ்கிரிப்டுகள் பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகுகூட விளையாட்டை முடக்கலாம். சேவ் கோப்பைச் சுத்தம் செய்யும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை நம்பி ஒரு நல்ல பாத்திரத்தைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன்.

ஆகவே தோற்ற மோட்களையும் ஸ்கையுஐயையும் இப்போதைய பாத்திரத்தோடு சேர்த்துக் கதையை முடியுங்கள். பெரிய குவெஸ்ட் மோடை அடுத்த பாத்திரத்துக்கு வையுங்கள். மோட் ஆர்கனைசரில் புரொஃபைல் என்ற வசதி இருக்கிறது. பாத்திரத்துக்கு ஒன்றாக இரண்டு புரொஃபைல்களை உருவாக்கி, சேவ் கோப்புகளும் புரொஃபைலுக்கு ஏற்பத் தனித்தனியாக இருக்கும்படி அமைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றோடு கலக்காது.

எதையும் தொடங்கும் முன், ஆவணங்கள் கோப்புறையில் மை கேம்ஸ், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், சேவ்ஸ் என்று சென்று, அந்தக் கோப்புறையை முழுமையாக வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். எஸ்கேஎஸ்இ நிறுவியபின் ஒவ்வொரு சேவ் (இஎஸ்எஸ்) கோப்போடும் அதே பெயரில் இன்னொரு கோப்பு தோன்றும். மோட்களின் சில தகவல்கள் அதில்தான் இருப்பதால், நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இரவுவானம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளையாட்டை டி டிரைவுக்கு மாற்றி, தனிப் பயனர் கணக்கில் மோட் ஆர்கனைசரை நிறுவிவிட்டேன். பதிப்பு 1.6.1170 என்று காட்டியது; எஸ்கேஎஸ்இயும் ஸ்கையுஐயும் அன்அஃபிஷியல் பேட்சும் நன்றாக இயங்குகின்றன. இரண்டு ஐயங்கள் உள்ளன. இரண்டு டெக்ஸ்சர் மோட்களுக்கு எதிரே மின்னல் போன்ற குறி வந்திருக்கிறது, இது பிழையா? இன்று தம்பி ஸ்டீமில் உள்ள பொத்தானை அழுத்தி நேரடியாக விளையாட்டைத் திறந்துவிட்டான். சேவ் கோப்பைத் திறக்கும்போது, இந்தச் சேவ் சார்ந்திருக்கும் உள்ளடக்கம் இப்போது இல்லை, தொடரவா என்று கேட்டது. அவன் இல்லை என்று சொல்லி வெளியேறிவிட்டான். என் சேவ் பாதிக்கப்பட்டிருக்குமா?

பதில்: கல்தூண்

மின்னல் குறி பிழையன்று. இரண்டு மோட்களும் ஒரே கோப்பை, எடுத்துக்காட்டாக ஒரே பாறையின் படத்தை, மாற்றுகின்றன என்பதையே அது காட்டுகிறது. இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பது வெல்லும். கூட்டல் குறியோடு இருப்பது மேலெழுதுவது, கழித்தல் குறியோடு இருப்பது மேலெழுதப்படுவது. எந்தப் பாறை உங்களுக்குப் பிடிக்கிறதோ அந்த மோடைக் கீழே இழுத்துவிடுங்கள். வலப்பக்கத்தில் உள்ள பிளக்இன் வரிசை, அதாவது மோட்களின் தரவுக் கோப்புகளை விளையாட்டு ஏற்றும் வரிசை, வேறு. அதை முதலில் லூட் கருவியைக் கொண்டு அடுக்கிவிட்டு, மோட் ஆசிரியர் தம் பக்கத்தில் தனியாக ஏதேனும் சொல்லியிருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

தம்பி செய்தது மிகச் சரி. அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தால், மோட்கள் இல்லாத நிலையிலேயே விளையாட்டு திறந்து, அடுத்த தானியங்கிச் சேவில் அந்த நிலை பதிவாகியிருக்கும். இல்லை என்று சொன்னதால் சேவ் கோப்பில் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் ஸ்டீம் வழியாகத் திறந்ததால் விளையாட்டு மேம்படுத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இஎக்ஸ்இ கோப்பின் பதிப்பு எண் இன்னும் 1.6.1170 என்றே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மோட் ஆர்கனைசரில் இயக்கு பொத்தானுக்கு அருகில் உள்ள குறுக்குவழி மெனுவிலிருந்து எஸ்கேஎஸ்இக்கான குறுக்குவழியை டெஸ்க்டாப்பில் உருவாக்கலாம். தம்பிக்கு அதைக் காட்டிவிட்டு, ஸ்டீமின் குறுக்குவழியை டெஸ்க்டாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.