பழைய சிட்டி விடெக்: 2 நாளில் எஞ்சின் மாற்ற முடியுமா?

கேள்வி (முத்தியால்பேட்டை): 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். நீலப்புகை, ஆயில் குறைகிறது. அதே மாடல் எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது. சனி, ஞாயிறில் முடிக்க என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில் (முதுநகர்): முடியும் தம்பி. ஆனால் பாதி வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்க வேண்டும். கைவசம் உள்ள எஞ்சினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள், நான்கு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் பின் கிராங்க் சீல், கேம் சீல் (தண்டுகளின் ஓரத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) எல்லாம் வெளியில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பின் சீலை விட்டுவிட்டால் ஆயில் கசிந்து கிளட்ச் தட்டு நனையும். மறுபடி கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் இந்த எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றும், பெல்ட் போடும்போது கவனம்.

பதில் (அரியாங்குப்பம்): நம்ம உப்புக்காற்றுக்கு சைலன்சர் நட்டுதான் நேரத்தைத் தின்னும். இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் ஆயில் அடியுங்கள். ஏசி குழாயைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே பாய்ந்து அதைச் சுட்டுவிடும்.

பதில் (முதுநகர்): முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுங்கள்.

பதில் (வில்லியனூர்): எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ.விடம் முதலிலேயே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதியுங்கள். விற்றவரின் பில் அவசியம். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள், இல்லையென்றால் கிளெய்ம் சிக்கலாகும்.